விதை அறையில் யாரும் பேச முடியாது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மேடம், படத்தில் இசை நன்றாக இருந்தது. உடைகளும் பரவாயில்லை. எதை எடுத்தாலும் குறை சொல்கிற ரசிகன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். புத்தகத்தில் கப்பல் சாம்பல் நிறம், படத்தில் பளபளவென்று வெள்ளை. கப்பல் தலைவிக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு தங்கையை வேறு சேர்த்திருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் அந்தப் புத்தகங்களைப் படித்ததில்லை என்றீர்கள். மொத்தம் ஐந்து நாவல்கள். நம் தாத்தாக்கள் இளைஞர்களாக இருந்தபோது எழுதப்பட்டவை. பூமியில் விளைகிற அத்தனையின் விதைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வேறொரு சூரியனை நோக்கிப் போகிறது. விதைகள் வழியிலேயே முளைத்துவிடாமல் இருக்க, அவை இருக்கும் அறையில் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டிருப்பார்கள். மூன்றாவது நாவலில், விதைகளைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஏதோ நினைப்பில் அந்த அறைக்குள் நுழைந்து விழுந்துவிடுகிறார். கப்பலின் மெக்கானிக் வெளியே நிற்கிறான். முகமூடி எடுத்துவர நேரமில்லை. உள்ளே போனால் தானும் விழுவோம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே போகிறான். பெரியவரின் சட்டைக் காலரைப் பிடித்தபடி விழுகிறான். அவ்வளவுதான். அந்த அத்தியாயத்தில் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிப்பதில்லை. பன்னிரண்டு வயதில் அதைப் படித்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் வயிற்றுவலி என்று புளுகிவிட்டு, போர்வைக்குள் கிடந்து அழுதேன்.

பக்கத்து வீட்டு நண்பனும் நானும் அந்தப் புத்தகங்களைச் சேர்ந்துதான் வாங்கினோம். இரண்டு பேருக்கும் உடனே படித்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு புத்தகத்தையும் பிளேடால் நடுவில் கீறி இரண்டாக்கிக்கொள்வோம். முன்பாதி எனக்கு, பின்பாதி அவனுக்கு, பிறகு மாற்றிக்கொள்வோம். யார் சாகப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவர்கள் யார் என்றே அவன் படிப்பான். அவனுக்குப் பின்பாதி என்று பெயர் வைத்தேன், கடைசிவரை அதுவே நிலைத்தது. அப்படிப் படித்து வளர்ந்தவன் கையில் கதை சிக்கினால் என்ன ஆகும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வளர்ந்தபின் பின்பாதி சினிமாவுக்குக் கதை எழுதப் போனான். என் தங்கையைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையும் ஆனான். நான் பழக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஆப்பிள்களைத் தூங்க வைப்பது என் வேலை. அறை நிறையப் பெட்டிகளை அடுக்கி, கதவைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே நைட்ரஜனை விட்டு ஆக்ஸிஜனைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடுவோம். மாதக்கணக்கில் பழம் அப்படியே இருக்கும். மனிதன் உள்ளே போனால் மூச்சுத் திணறாது மேடம், அதுதான் அதில் இருக்கிற ஆபத்து. எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். இரண்டு மூச்சில் ஆள் கீழே. அதனால் தனியாக யாரும் போகக் கூடாது. ஒருவன் முகமூடி, சிலிண்டரோடு கதவிலுள்ள சின்னத் திறப்பு வழியாக ஊர்ந்து உள்ளே போவான். இன்னொருவன் இன்னொரு முகமூடியோடு கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு வெளியே நிற்பான். புத்தகம் சொன்னது ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று முதல் நாளே தெரிந்துகொண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

எனக்கு ஜோடியாக வேலை பார்த்தவன் ஏணி. உயரத்துக்காக வந்த பெயர். விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் படித்தறியாதவன். தேநீர் இடைவேளையில் நாவல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லச் சொல்லிக் கேட்பான். நான்காவது நாவலின் நடுவில் இருந்தோம்.

அந்த நாவல்களைப் படமாக எழுதும் வேலை கிடைத்ததும் பின்பாதி தங்கையோடு என் வீட்டுக்கு வந்து குதித்தான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"எதை வேணா மாத்திக்கோ மாப்ள. விதை அறையை மட்டும் தொடாத."

"அதைத் தொட்டா என் கை அழுகிப் போயிடாதா மச்சான்?" என்றான்.

முதல் காட்சிக்கு என்னையும் தங்கையையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தான். மெக்கானிக் விதை அறைக்குள் போனான். போனவன் பேச ஆரம்பித்தான். காதலைப் பற்றிப் பேசினான், மனித குலத்தைப் பற்றிப் பேசினான், செத்துப்போன அப்பாவைப் பற்றிப் பேசினான். விரலை வேறு ஆட்டினான். பிறகு பெரியவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பெரியவர் கண்ணைத் திறந்து ஒரு ஜோக் அடித்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதும் எரிகிறது. காற்றில்லாத அறையில் அத்தனை பேச்சுப் பேசியும் ஒருவன் சாக மாட்டான் என்றால், அவன் உள்ளே போனதில் என்ன இருக்கிறது மேடம்? அடுத்த அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அவனுடைய சாவைப் பிடுங்கிக்கொண்டு கைதட்டலைக் கையில் திணித்திருந்தார்கள். பன்னிரண்டு வயதில் நான் அழுத அழுகைக்கு அங்கே மதிப்பே இல்லை.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு தொலைக்காட்சியில் ஒரு பேட்டி. பின்பாதி கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொல்கிறான்: "மூலத்துல அந்த இடம் உப்புச்சப்பில்லாம இருந்துச்சு. நான்தான் அதுக்கு உயிர் குடுத்தேன்." என் தங்கை அதைப் பெருமையாக எனக்கு அனுப்பியிருந்தாள்.

இரண்டாம் பாகம் எழுதப்போவதாகவும், நிஜமான அறை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றும் அவனேதான் கேட்டான். நான் அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன், கிடங்கில் ஏணியையும் என்னையும் தவிர ஆள் இருக்காது என்பதால். ஏணியைப் பின்பக்கம் காலிப் பெட்டிகளை அடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தேன். எச்சரிக்கைப் பலகையைத் துடைப்பதற்காகக் கழற்றியிருந்தேன், அது உண்மை. துடைக்கவில்லை, அதுவும் உண்மை.

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "நிஜமாவே ரெண்டு மூச்சுல விழுந்துடுவாங்களா? இல்ல, புத்தகத்தைப் படிச்சுட்டு நீ எங்க எல்லார் காதுலயும் பூ சுத்துறியா?"

நான் அவனைத் தள்ளவில்லை. என் விரல்கூட அவன்மேல் படவில்லை. திறப்பின் தாழை அவன் கையால்தான் நீக்கினான். நான் ஒரு வாக்கியம்தான் சொன்னேன்.

"உள்ள நல்ல காத்து விட்டாச்சு மாப்ள, பயப்படாம போ."

அவன் ஒரு படம் முழுக்கப் பொய் சொன்னான். மாலை போட்டு விருது கொடுத்தார்கள். நான் சொன்னது ஒரு வாக்கியம்.

உள்ளே போய் எழுந்து நின்றான். படமெடுக்கப் போனைத் தூக்கினான். "மச்சான், லைட்டு கொஞ்சம்" என்றான். அதற்குமேல் வரவில்லை. பெட்டிகளுக்கு நடுவே அப்படியே சரிந்தான். பேச முடியாது என்பதை அவனுக்காவது புரியவைத்தோமே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏணி அப்போது வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டிகளை எத்தனை அடுக்கு வைப்பது என்று கேட்க வந்தவன், கண்ணாடியில் பார்த்தான்.

"அண்ணே, மாஸ்க்கைக் குடுண்ணே."

ஒரு முகமூடி என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றைக் காலையிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். "போயிட்டான்டா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். அப்போது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஏணி என் தோளிலிருந்த வாரைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. அவன் என் முகத்தை ஒருமுறை பார்த்தான், பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு திறப்புக்குள் நுழைந்தான். அந்த உயரத்துக்கு முழங்கால் இடித்தது. கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டும் வந்துவிட்டான். கனமான ஆளை இழுக்கும்போது எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிக்க முடியும்? விழுந்தபோதும் என் மாப்பிள்ளையின் காலர் அவன் கையில் இருந்தது. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை மேடம், தானாக அமைந்தது.

திறப்பை மூடினேன். திறந்துவைத்தால் வெளிக்காற்று போய்ப் பழம் கெட்டுவிடும். மூடிவிட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

தங்கை வந்தாள். வெளி வராந்தாவில் என்னைப் பார்த்து, "கடைசியா ஏதாச்சும் சொன்னாராண்ணா?" என்றாள். அப்போது அவளுக்கு என்னைப் பற்றித் தெரியாது. "லைட்டு கொஞ்சம்னு சொன்னாரும்மா" என்றேன். அவளிடம் நான் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. அந்த நேர்மை பின்பாதிக்குக் கடைசிவரை வரவில்லை.

எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அந்தப் புத்தகத்துல நீங்க யாரு?" என்று கேட்டீர்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். இதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். நான்தான் மேடம், அந்த மெக்கானிக்.