என் அக்காள் மகள் ஒரு பிளம்பர்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்குவதோடு, நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வேனோ என்ற கவலையையும் சேர்த்தே தாங்கி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் பெருமதிப்புக்குரிய தலைமையாசிரியர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் ஆன்றோர்களே! மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்துவிட்ட பெரியோர்களே! அந்த இடம் கிடைக்காததால் அழைப்பிதழையே விசிறியாக்கிக்கொண்ட தாய்மார்களே! பிள்ளைகளைப் பெற்றவர்களே, பிள்ளைகளால் பெயர் பெற்றவர்களே! கடைசி வரிசையில் நின்று, எப்போது முடியும் என்று கண்ணாலேயே கேட்கும் என் கண்ணான மாணவச் செல்வங்களே! உங்கள் பொறுமைக்குத் தலைவணங்கி, அதைச் சோதிக்கத் தொடங்குகிறேன்.

மேல்நிலைப் படிப்பைப் படித்துக்கொண்டே தொழிலும் பழகி, இரண்டையும் முடித்து வெளிவரும் முதல் அணியைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். எனக்குத் தந்த தலைப்பு, ‘கல்வியும் தொழிலும் இரு கண்கள்’. தங்கமான தலைப்பு! ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்த இரண்டு கண்களில் ஒன்றை யாருக்கும் தெரியாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

கதையின் நாயகி என் அக்காள் மகள். இதே அரங்கில்தான் இருக்கிறாள். “பேரைச் சொன்னீங்கன்னா எழுந்து போயிடுவேன் சித்தி” என்று எச்சரித்துவிட்டாள். ஆகவே பெயர் வேண்டாம். அவளுடைய அப்பாவும், அதாவது என் அத்தானும், இங்கேதான் இருக்கிறார். பேசலாமா என்று அனுமதி கேட்டேன். கொஞ்சம் பார்த்துப் பேசு என்றார். பார்த்துத்தான் பேசுகிறேன் அத்தான், உங்களையே பார்த்துப் பேசுகிறேன்!

அத்தான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பிரிவு அதிகாரி. வரக்கூடிய ஆபத்தையெல்லாம் வருமுன் கணிப்பது அவர் தொழில். தீ வரலாம், திருட்டு வரலாம், வெள்ளம் வரலாம். எல்லாம் அவருக்குத் தெரியும். தம் மகள் பிளம்பராக வரலாம் என்பதை மட்டும் அவர் கணிக்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் இந்தப் பள்ளி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வாரத்தில் மூன்று நாள் வகுப்பறை, வியாழனும் வெள்ளியும் ஒரு தொழிலிடம். அங்கே தொழில்பழகுநராக இருந்தால் அதுவும் பள்ளிச் சான்றிதழில் சேரும் என்றது. மருத்துவமனை உண்டு, அச்சகம் உண்டு, வாகனப் பணிமனை உண்டு. எங்கள் வீட்டுப் பெண் தேர்ந்தெடுத்தது குழாய்ப் பணி.

வீட்டில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்! அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மகளின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும்தான் அழத் தொடங்கினாள். மருத்துவராக வேண்டியவள், மருத்துவம் இல்லாவிட்டால் பொறியியல், பொறியியல் இல்லாவிட்டால் கணக்குத் தணிக்கை. இப்படி மூன்று அடுக்குப் பாதுகாப்போடு திட்டமிட்டிருந்தார்கள். நான்காவது அடுக்காகக் கழிவுநீர்க் குழாய் எங்கிருந்து வந்தது?

அவள் நிதானமாகச் சொன்னாள். “ஸ்கூலை விடலையேப்பா. பரீட்சை எல்லாரும் எழுதற மாதிரிதான் எழுதப்போறேன். அஞ்சு நாளும் உக்காந்தே கேட்டா எனக்கு மண்டை தூங்கிடுது. கை எதையாவது செஞ்சாதான் முழிச்சிருக்கு.”

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பதில் இல்லாத இடத்தில் பெற்றவர்கள் நிபந்தனை போடுவார்கள். அத்தானும் போட்டார். போகலாம், ஆனால் யாருக்கும் தெரியக்கூடாது.

அன்று பிறந்தது ஐயா, ஓர் அருமையான பொய்! அது என்ன, எத்தனை நாகரிகமான பொய்! வியாழன், வெள்ளி மகள் எங்கே போகிறாள் என்று யாராவது கேட்டால் அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீர்வள மேலாண்மையில் சிறப்புப் பயிற்சி” என்பார். நீர் இருந்தது, உண்மைதான். மேலாண்மையும் இருந்தது, வால்வைத் திறந்து மூடுவது மேலாண்மை இல்லையா? திங்கள் முதல் புதன் வரை மேல்நிலை வகுப்பு, வியாழக்கிழமை மேல்நிலைத் தொட்டி! இரண்டிலும் ஏறத்தான் வேண்டும். ஒன்றில் வழுக்கினால் திட்டுவார்கள், மற்றதில் வழுக்கினால் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

பள்ளிச் சீருடையில் வீட்டை விட்டுக் கிளம்புவாள். பணிமனையில் போய் நீல உடுப்புக்கு மாறுவாள். மாலையில் மறுபடி சீருடை. படியேறி வரும்போது கையை மோந்து பார்த்துக்கொள்வாள், மசகு வாசனை போய்விட்டதா என்று. என்ன அம்மா, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் அப்போது சிரித்தேன்.

பள்ளி மட்டும் என்ன வாழ்ந்தது? தலைவர் கோபிக்கக்கூடாது. இன்று வாசலில் இந்த மாணவர்களின் படத்தை ஆளுயரத்துக்கு வைத்திருக்கிறீர்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பின் குழுப் படத்தை எந்தக் கிழமையில் எடுத்தீர்கள்? வியாழக்கிழமை! வகுப்பே வரிசையாக நிற்கிறது, இவர்கள் மட்டும் இல்லை. கேட்டதற்கு, அன்றுதான் வெயில் நன்றாக இருந்தது என்றார்களாம்.

பொய்க்கு ஒரு குணம் உண்டு. நாம் அதை வீட்டுக்குள் வளர்த்தால், அது வெளியே போய்ச் சொந்தக்காரர்களோடு பழகிவிடும். அத்தானின் அண்ணன், பெண்ணுக்குப் பெரியப்பா, தம் மகனையும் அந்த நீர்வளப் பயிற்சியில் சேர்த்துவிடச் சொன்னார். சேர்க்கை முடிந்துவிட்டது என்றார் அத்தான். அப்படியானால் மிகப் பெரிய படிப்புத்தான் என்று முடிவுகட்டிய பெரியப்பா, அதை ஊருக்கெல்லாம் பரப்பினார். ஒரு கல்யாண வீட்டில் என்னிடமே ஒருவர் வந்து, உங்கள் அக்காள் மகள் அணை கட்டப் போகிறாளாமே என்று கேட்டார். கசிவை அடைக்கப் போனவளை அணை கட்ட அனுப்பிவிட்டார்கள்!

புகழ் அலுவலகம் வரை போயிற்று. ஆண்டுதோறும் அங்கே ஊழியர் குடும்ப விழா நடக்கும். ‘பிள்ளைகளின் எதிர்காலத்தைத் திட்டமிடுவது எப்படி?’ என்று பேசுவதற்கு அத்தானையே அழைத்துவிட்டார் மேலாளர். அத்தானும் ஒப்புக்கொண்டு, கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்யத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது.

ஒரு வியாழக்கிழமை. அத்தானின் அலுவலகக் கட்டடத்தில் கழிவறைக் குழாய்களை மாற்றும் வேலை. அந்த வேலை எங்கள் பெண் பழகும் நிறுவனத்துக்கு வந்திருந்தது. வந்தபிறகுதான் அது அப்பாவின் தளம் என்று அவளுக்கே தெரிந்தது. நடைபாதையில் முழங்காலிட்டு, சுவரோரக் குழாயில் பைப் ரெஞ்சைப் பூட்டித் திருகிக்கொண்டிருக்கிறாள். முடியைச் சுற்றி ஒரு துணி, முழங்கை வரை சேறு. எதிரே இரண்டு பேர் நடந்து வருகிறார்கள். ஒருவர் மேலாளர். மற்றவர் அவள் அப்பா.

அத்தான் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். மேலாளர் நின்று, குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்துச் சொன்னார்: “படிக்கிற வயசு. இதுக்கு வந்திருக்கு பாருங்க. பாவம்.”

அத்தான் என்ன சொன்னார் தெரியுமா?

“ஆமா சார். பாவம்தான்.”

அரங்கம் அமைதியாகிவிட்டது. அந்த நடைபாதையும் அப்படித்தான் இருந்திருக்கும். அவள் எழவில்லை, அழவில்லை. ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, தன் அப்பாவின் காலணிகளைப் பார்த்து, “சார், தரை ஈரமா இருக்கு. பாத்துப் போங்க” என்றாள்.

பாத்துத்தான் போனார்கள்.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாள். அக்கா வீடு இருக்கும் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். தேநீர் கொடுத்தேன், ஆறவிட்டுவிட்டாள். அப்பா தன்னைத் தெரியாதவர்போல் போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மேலாளர் கூட இருந்தார், திடீரென்று என்ன செய்வார் என்று அவளே அவருக்காக வாதாடினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

“ஆனா பாவம்னு சொன்னார் சித்தி. நான் இன்னிக்குத்தான் முதல் முறையா யாரும் உதவாம ஒரு ஜாயின்ட் போட்டேன். வீட்டுக்குப் போய் சொல்லணும்னு நெனச்சிட்டே இருந்தேன்.” பிறகு ஆறிய தேநீரைக் கையில் எடுத்து, “நானும்தான் அப்பாவை சார்னு கூப்பிட்டுட்டேன்” என்றாள்.

பெரியோர்களே, தாய்மார்களே! நான் பல மேடைகளில் பேசியவள். அன்று எங்கள் வீட்டில் கேட்காததை இன்று இந்த மேடையில் கேட்கிறேன். மறைத்துவைக்க அவள் என்ன களவு செய்தாளா? கையை மோந்து பார்த்துக்கொண்டு வீடு திரும்ப அவள் என்ன கலப்படம் செய்தாளா? படிப்பை விட்டாளா? பாடத்தை வெறுத்தாளா? பரீட்சைக்குப் பயந்து ஓடினாளா? மூன்று நாள் படித்து, இரண்டு நாள் உழைத்தாள். அதற்குத்தான் நாம் திரை கட்டினோம்!

அன்றிரவு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நாளையிலிருந்து வேலை உடுப்பிலேயே போகிறேன், யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன் என்றாள். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் தட்டைப் பார்த்தார்.

மறுநாள் காலை நீல உடுப்பும் கனத்த காலணியுமாக அவள் படியிறங்கினாள். கீழ்வீட்டம்மா பால் பாக்கெட்டோடு வாசலில் நின்று எங்கே என்று கேட்டார். வேலைக்கு என்றாள். அப்போ நீர்வளம் என்று கேட்டார். அதுதான் இது என்றாள். கீழ்வீட்டம்மாவுக்குப் பால் மறந்துபோயிற்று. அவள் தெருமுனை திரும்புவதற்குள் செய்தி மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் தண்ணீர்தான் மேலே ஏறத் தாமதமாகும், செய்தி தாமதமாகாது!

பேருந்து நிறுத்தத்தில் அத்தான் நின்றிருந்தார். ஒரே இடத்துக்குத்தான் இருவரும் போகவேண்டும். பேருந்து வந்தது, ஏறினார்கள். அவள் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அத்தான் கொஞ்சம் தயங்கி, அதில் உட்கார்ந்தார். அதன்பிறகு நடந்ததை அப்பாவும் மகளும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயின. எங்கள் குடும்பத்தில் அது அபூர்வம்.

அலுவலக வாசலில் காவலாளி அவளைத் தடுத்தார். வேலையாட்களுக்குப் பின்வாசல், குப்பைத்தொட்டிகளைத் தாண்டிப் போகவேண்டும். அவள் தலையசைத்துவிட்டுத் திரும்பினாள். அத்தான் முன்வாசல் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். வைத்த கால் மேலே ஏறவில்லை. இறங்கினார். மகளுக்குப் பின்னாலேயே நடந்தார். அப்போது காரிலிருந்து இறங்கிய மேலாளர், இந்தப் பக்கம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

“என் பொண்ணை வேலைக்கு விட்டுட்டு வரேன் சார்” என்றார் அத்தான். “நேத்து நாம பாத்தோமே, அவதான். நேத்து நான் சொன்னது தப்பு சார். பாவம் இல்ல. ஸ்கூல்லயும் படிக்கிறா, இதையும் படிக்கிறா.”

கைதட்டுங்கள், தடையில்லை. ஆனால் என் அத்தானைப் பெரிய வீரராக்கிவிட வேண்டாம். குப்பைத்தொட்டி வரை நடந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தூரத்தை நடக்க முடியாமல் முன்வாசலில் நின்றுகொண்டிருக்கும் தகப்பன்மார் இந்த நாட்டில் எத்தனை பேர்!

பின்வாசலில் அவள் திரும்பி, “நேத்து ஒரு ஜாயின்ட் நானே போட்டேன்பா” என்றாள். காட்டச் சொன்னார். காட்டினாள். அத்தானுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

குடும்ப விழாவில் பேசினாரா என்கிறீர்களா? பேசினார். நான் திட்டமிடவில்லை, அவள் திட்டமிட்டாள், நான் மறைத்தேன், இனி மறைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சிலர் கைதட்டினார்கள். சிலர் அருகே வந்து தோளைத் தொட்டு, கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னார்கள்!

பெண் என்ன ஆனாள்? தொழில் தேர்வில் முதல் தடவை தோற்றாள். தேர்வாளர் கண்ணெதிரேயே இணைப்பு கசிந்தது. மறுமுறை செய்து காட்டி வென்றாள். பள்ளித் தேர்வில் வேதியியல் மட்டும் மயிரிழையில் தப்பியது. இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம் என்று அத்தான் ஆரம்பித்தார், அக்கா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். மேலே படிப்பாளா, வேலையிலேயே தொடர்வாளா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. கேட்டு நச்சரிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று அறிவித்திருக்கிறாள். பெரியப்பா? அவர் மகன் இப்போது அச்சகத்தில் தொழில் பழகுகிறான். இந்த யோசனையைக் குடும்பத்தில் முதலில் சொன்னதே தாம்தான் என்று பெரியப்பா எல்லோரிடமும் சொல்லி வருகிறார்.

தாய்மார்களே, தந்தைமார்களே! பிள்ளைகளை வாழ்த்தி அறிவுரை சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். பிள்ளைகளுக்கு அறிவுரை தேவையில்லை. அவர்கள் படித்தார்கள், உழைத்தார்கள், முடித்தார்கள். வேண்டுகோள் உங்களிடம்தான். உங்கள் மகள் உழைப்பின் உடுப்போடு உங்கள் எதிரே வந்து நிற்பாள். பக்கத்தில் பெரிய மனிதர் ஒருவர் நிற்பார். யார் இந்தப் பெண் என்று கேட்பார். அந்த ஒரு நொடியில் தலையைத் திருப்பாதீர்கள், தொண்டையைச் செருமாதீர்கள், அழகான பெயர் எதையும் தேடாதீர்கள். ‘என் மகள்’ என்று சொல்லுங்கள். அவளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.

வாய்ப்பளித்த பள்ளிக்கும், வாய்மூடிக் கேட்டுக்கொண்ட அத்தானுக்கும், வாழ்த்து பெறும் இந்த இளந்தொழிலாளர்களாகிய மாணவர்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.