ஏன் ஒடியற?

ரேணுகா: விதின்னு யாரும் எழுதி ஒட்டல பத்ரி சார். ஆனா ‘உப்பங்கழி’ ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். நம்ம பத்திரிகையில இன்னா வந்தாலும் ‘புரியல’ன்னு மட்டும் சொல்லக் கூடாது. அதனாலதான் ஒருத்தர்கூட கம்ப்ளெயின்ட் பண்ணல.

பத்ரி: எதைப் பத்தி?

ரேணுகா: நம்ம இணையதளம் போன்ல கன்னாபின்னான்னு கீதே, அதைப் பத்தி. ஜன்னலைச் சாத்துங்க. லேப்டாப்ல தூசி உழுது.

பத்ரி: சாத்த வரல. செங்கல்பட்டு பஸ்ஸு எல்லாமே இப்படித்தான்... இருங்க, பேச்சை மாத்தாதீங்க. உங்க லேப்டாப்ல இந்தக் கவிதை ரெண்டே வரியில முடிஞ்சுடுது. என் போன்ல வரிக்கு ஒரு சொல். இதுல எது மூலம்?

ரேணுகா: உங்க போன்ல எப்படிக் கீதோ அப்படியே படிங்க.

பத்ரி: நேரா... நில்லு... இவ்ளோ... இடம்... இருக்கு... இன்னும்... ஏன்... ஒடியற... கொஞ்சம்... தள்ளி... வா... இடிக்காது.

ரேணுகா: உங்களுக்கு மூச்சு வாங்குது.

பத்ரி: அதைத்தான் எழுதியிருக்கேன்! கட்டுரைத் தலைப்பே ‘மூச்சுத்திணறலின் அழகியல்: கவிஞர் சோதனையின் ஒற்றைச்சொல் அடிகள்’.

ரேணுகா: ஐயோ!

பத்ரி: என்ன ஐயோ?

ரேணுகா: ஸ்பீடு பிரேக்கர்.

பத்ரி: நான் பதறிப் போயிருக்கேன், நீங்க விளையாடறீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல மாமல்லபுரத்துல இதை வாசிக்கணும். என் முதல் மேடை. என்னோட ஆய்வு நெறியாளர் சுப்புராமன் சார் முன்வரிசையில உட்கார்ந்திருப்பார். எல்லாரும் போன்ல கவிதையைத் திறந்து வச்சுக்கிட்டுதான் கேட்பாங்க.

ரேணுகா: அதுக்குள்ள சரி பண்ணணும்னுதான் நானும் பஸ்ல உக்காந்து இந்தப் பாடு படறேன்.

பத்ரி: எதைச் சரி பண்றீங்க?

ரேணுகா: அகலத்தை. இந்தப் பக்கம் ஒரு பட்டை கீது பாருங்க... ‘பழைய இதழ்கள்’, ‘தொடர்புக்கு’. அதுக்கு இருநூத்தி இருபது பிக்ஸல்னு நான் கறாரா எழுதி வச்சுட்டேன். போனோட அகலமே முந்நூத்தி இருபது. மீதி இடத்துல உங்க கவிதை ஒண்டுக்குடித்தனம் பண்ணுது. வரிக்கு ஒரு வார்த்தைக்கு மேல புடிக்காது.

பத்ரி: அப்ப... அந்த ஒற்றைச்சொல் அடி?

ரேணுகா: இடப் பற்றாக்குறை.

பத்ரி: கவிஞரோட தேர்வு இல்லையா?

ரேணுகா: ஜானகிராமன் சார் எழுதற தலையங்கமும் போன்ல அப்படித்தான் வருது. ‘ஆசிரியர் தலையங்கத்தையே கவிதையாக்கிட்டார்’னு ஒருத்தர் வாசகர் கடிதம் போட்டிருக்காரு. நீங்க பார்க்கல?

பத்ரி: அது... நான் போட்டதுதான்.

ரேணுகா: சரியாப் போச்சு. இருங்க, இன்னா பண்றேன்னு பாருங்க. திரை சின்னதா இருந்தா பட்டையைக் கீழ எறக்கு, எழுத்துக்கு முழு அகலம் குடு... பக்கத்தோட வடிவத்தைச் சொல்ற சி.எஸ்.எஸ்., நாலே நாலு வரி. ஏத்திட்டேன். திறந்து பாருங்க.

பத்ரி: இப்ப ஒரே வரியா வருது. திரையைத் தாண்டி வலது பக்கமா போயிக்கிட்டே இருக்கு... முடிவே தெரியல... ரேணுகா, இதுவும் ஒரு வாசிப்புதான் இல்லையா? எல்லையின்மை...

ரேணுகா: எல்லையின்மை இல்ல சார். மடிக்காதேன்னு ஒரு சொல் தப்பா போட்டுட்டேன். இப்ப எடுத்துட்டேன். திரும்பத் திறங்க.

பத்ரி: ...மூணு வரி. அம்சமா இருக்கு. அதுதான் பயமா இருக்கு. வேண்டாம், பழையபடி ஆக்கிடுங்க.

ரேணுகா: இன்னாது?

பத்ரி: இல்லன்னா ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாடியும் நீங்களே ஒரு வரி முறிவு போட்டுடுங்க. எல்லாப் போன்லயும் ஒரே மாதிரி வரட்டும்.

ரேணுகா: போடலாம். ஒரு நிமிஷ வேலை. எழுதினவங்களைக் கேக்க வேணாமா?

பத்ரி: சோதனையை யாரும் பார்த்ததில்ல. அந்தப் புனைபெயரே எவ்வளவு கனமானது பாருங்க. வாழ்க்கையே சோதனைன்னு ஆன ஒரு பெண். படுக்கையில கிடக்கிற கணவனைப் பார்த்து ‘இன்னும் ஏன் ஒடியற’ன்னு...

ரேணுகா: கணவன் எங்க வந்தான் இதுல?

பத்ரி: என் கட்டுரையில பதினேழாம் பக்கத்துல வரான். ஏன் சிரிக்கிறீங்க?

ரேணுகா: சிரிக்கல சார். அழாம இருக்கப் பாக்கறேன்.

பத்ரி: அப்ப கணவன் இல்லங்கறீங்களா? எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. நாடுன்னுகூட ஒரு அடிக்குறிப்பு கொடுத்திருக்கேன்.

ரேணுகா: பத்ரி சார்... கூடுவாஞ்சேரியில நான் வேலை செய்ற செல்போன் கடையில ஒரு டச் போன் வந்துச்சு. நம்ம பத்திரிகை அதுல எப்படித் தெரியுதுன்னு பாக்கலாம்னு, படைப்பு அனுப்புற பக்கத்துல வாய்க்கு வந்ததை டைப் பண்ணேன். எழுத்து ஒடிஞ்சு ஒடிஞ்சு உழுந்துச்சு. கடுப்புல அதைத் திட்டியே டைப் பண்ணேன்.

பத்ரி: எதைத் திட்டி?

ரேணுகா: எழுத்தைத்தான். நேரா நில்லு. இவ்ளோ இடம் இருக்கு. இன்னும் ஏன் ஒடியற...

பத்ரி: அப்ப ‘சோதனை’ங்கற பேரு?

ரேணுகா: பேரு போடாம சேவ் ஆகல. இது டெஸ்ட் தானேன்னு தமிழ்ல ‘சோதனை’ன்னு போட்டேன். அப்புறம் கடையில வேலை வந்து மறந்துட்டேன். யாரோ அனுப்பின கவிதைன்னு நெனச்சு ஜானகிராமன் சார் எடுத்துப் பிரசுரம் பண்ணிட்டாரு. நான் சொல்லலாம்னு வரதுக்குள்ள நாலு பேர் பாராட்டிட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?

பத்ரி: சோதனைன்னா... டெஸ்ட்டா?

ரேணுகா: டெஸ்ட்.

பத்ரி: தண்ணி இருக்கா?

ரேணுகா: இந்தாங்க. இப்ப நீங்களே சொல்லுங்க. வரி முறிவு போட்டுடவா? போட்டா கட்டுரை பொழைச்சுக்கும். எனக்கும் உங்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. இல்ல, மூணு வரியாவே விட்டுடவா?

பத்ரி: நீங்க போட்டா அது கவிதையாயிடுமா? போடலன்னா இல்லாமப் போயிடுமா? அந்த ‘ஒடியற’ங்கற சொல் எனக்கு நிஜமாவே வலிச்சுது ரேணுகா. அந்த வலி யாரோடது?

ரேணுகா: என்னைக் கேட்டா? ஸ்டாப்பிங் வந்துடுச்சு, எழுந்துருங்க. பார்த்து... நேரா நில்லுங்க. கொஞ்சம் தள்ளி வாங்க, இடிக்காது.

பத்ரி: இப்ப யாரைப் பார்த்துச் சொன்னீங்க?

ரேணுகா: உங்களைத்தான் சார். பின்னாடி மூட்டையோட ஒரு அம்மா எறங்குறாங்க.

ஜானகிராமன்: வாங்க பத்ரி, வாங்கம்மா! அரங்கம் நிறைஞ்சுடுச்சு. சுப்புராமன் சாரும் வந்தாச்சு. நேரா மேடைக்கு வந்துடுங்க, நான் ரெண்டு வார்த்தை அறிமுகம் சொல்லிடறேன்... நண்பர்களே, ‘உப்பங்கழி’யின் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இது பெருமைக்குரிய மாலை. கவிஞர் சோதனையை நான் நேரில் அறிவேன். கடப்பாக்கத்தில், கோட்டைச் சுவர் ஓரமாக நடந்தபடியே நெடுநேரம் பேசியிருக்கிறோம். மிகுந்த கூச்ச சுபாவம் உள்ளவர்...

ரேணுகா: பத்ரி சார்... இவரு யார்கிட்ட பேசினாரு?

பத்ரி: எனக்கே குழப்பமா இருக்கு. நீங்கதான் டைப் பண்ணீங்கன்னு நிச்சயமாத் தெரியுமா?

ரேணுகா: அடப் பாவி மனுஷா!

ஜானகிராமன்: ...இந்தக் கவிதையைப் பற்றி இளம் ஆய்வாளர் பத்ரி இப்போது கட்டுரை வாசிப்பார்.

ரேணுகா: சீக்கிரம் சொல்லுங்க. வரி முறிவு போடவா, வேணாமா? விரலை வச்சுக்கினு கீறேன்.

பத்ரி: வேணாம். விரலை எடுத்துடுங்க... எல்லாருக்கும் வணக்கம். தயவுசெஞ்சு போன்ல அந்தக் கவிதையைத் திறங்க. நேத்து வரை வரிக்கு ஒரு சொல்லா இருந்திருக்கும். இப்ப மூணு வரியா இருக்கும்.

ஜானகிராமன்: ஆமாம்... அடடா! கவிஞர் செம்மைப்படுத்தியிருக்கார்!

பத்ரி: இல்ல சார். பக்கவாட்டுல இருந்த பட்டை கீழ போயிருக்கு. அவ்வளவுதான்.

ஜானகிராமன்: பத்ரி... மைக் ஆன்ல இருக்கு.

பத்ரி: தெரியும் சார். அதனாலதான் சொல்றேன். எனக்கு இந்தக் கவிதை புரியல. முப்பது பக்கம் எழுதினப்பவே புரியல.