பெஞ்சமின் கணவாய்

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் தூவ வேண்டும். தண்ணீரைப் பிளாஸ்டரில் ஊற்றினால் அடியில் கட்டி தட்டிப்போகும். புதிதாக வார்க்கப் பழகுகிற எல்லோரும் இந்தத் தவறைச் செய்வார்கள், நானும் செய்தேன். நான் வார்த்த முதல் பொம்மைப் பாறை தொட்டதுமே உதிர்ந்தது. இரண்டாவதற்கு அச்சில் எண்ணெய் தடவ மறந்துவிட்டேன், அச்சோடு சேர்ந்து போனது. நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரிகிறது, மேடம். ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். என் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. இப்படி யாராவது எதிரில் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

என் பெயர் வெங்கடேசன். உத்திரமேரூர் ஏரியைத் தாண்டி வந்து ராஜாராம் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ராஜாராம் என் அப்பா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தேன். அவர் படுத்த படுக்கையானதும் பார்த்துக்கொள்ள வந்தேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. நிலம் குத்தகையில் இருக்கிறது. அக்கா கனகா சென்னையில் இருக்கிறாள், பொங்கலுக்கு வருவாள். கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் பேசியதோடு ஒரு நாள் முடிந்துபோனதும் உண்டு. அந்த வீட்டில் எனக்குத் தனிமையாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பெங்களூரில் ஒரு விளையாட்டுப் பழகியிருந்தேன். பெரிய மேஜையில் விரல் உயர வீரர் பொம்மைகளை இரண்டு படையாக நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடாவால் தூரம் அளந்து, ஒருவர் மாற்றி ஒருவர் நகர்த்த வேண்டும். ஒரு ஆட்டம் முடிய அரை நாள் ஆகும். பொம்மைகளை ஊருக்குக் கொண்டுவந்தேன், எதிரில் உட்கார ஆள்தான் இல்லை. இரண்டு பக்கமும் நானே ஆடினேன். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் பொம்மைகளை எடுத்து வைப்பது நான்தான்.

பெஞ்சமின் எங்கள் கேட்டுக்கு வெல்டிங் வைக்க வந்தவன். கிரில் பட்டறையில் வேலை, காலனிப் பையன். அவன் அம்மா செங்கேணி எங்கள் நிலத்தில் நாற்று நட்டவள். தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவன் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டான்.

“இன்னா சார் இது, கொலுவா?”

“சண்டைடா. ஆடிப் பாக்கறியா?”

சார் என்று கூப்பிட்டவனை அண்ணா என்று கூப்பிடச் சொன்னது நான்தான். அவனுக்கென்று எங்கள் வீட்டில் தனி டம்ளர் கிடையாது. அப்பா காலத்தில் இருந்தது, நான்தான் தூக்கிப் போட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்ததும் நேராக வந்துவிடுவான். கேட் சத்தம் கேட்கும் முன்பே நான் டீக்கு அடுப்பைப் பற்ற வைத்திருப்பேன். “இன்னிக்கு உன்ன வுட மாட்டேன்ணா” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் உட்காருவான். பெரும்பாலும் விடவும் மாட்டான். என்னைவிட அவன் கெட்டிக்காரன். தோற்றுப்போவது இவ்வளவு சந்தோஷமான விஷயம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

வார்ப்பு வேலையும் அவனால் வந்ததுதான். “கட்டாந்தரையில இன்னாண்ணா சண்டை? பதுங்கிக்கினு அடிக்க ஒரு மேடு, ஒரு கல்லாவது வேணாவா?” என்று கேட்டான். மறுநாளே வாலாஜாபாத் போய் பிளாஸ்டர் மூட்டை வாங்கி வந்தேன். ஏரிக்கரைக் கல்லுக்கு ரப்பர் அச்சு எடுத்துப் பாறைகள் வார்த்தேன். பிறகு மதகு, பிறகு பழையசீவரத்து மலை. வாரம் பூராவும் வார்ப்பதும் உடைப்பதுமாகப் போகும். தேறியதை ஞாயிற்றுக்கிழமை மேஜையில் வைத்து மேலே துண்டு போட்டு மூடிவிடுவேன். அவன் துண்டை எடுத்துப் பார்த்து, “சூப்பர்ணா” என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் திங்களிலிருந்து சனி வரை இருந்தேன்.

அந்த மலையை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வார்த்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்துகொண்டேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். மெல்லிய துண்டு வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். ஒரு வாளி மொத்தமாக இறுகினால் சாதம் வடித்த பானை மாதிரி ஆகிவிடும். வாளியின் பக்கமே இளகி வளைந்துபோனது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வைத்திருக்க முடியவில்லை. ஆக, எனக்குத் தெரியும். தெரியாது என்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தின் நடுவில், பகடையைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே சொன்னான்.

“கத்தாருக்கு ஆள் எடுக்கறாங்கண்ணா. வெல்டிங் டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டேன். மெடிக்கல்தான் பாக்கி கீது.”

நல்லதுதானேடா என்றேன். மனதார வாழ்த்தினேன். உத்திரமேரூர் கடைத்தெருவில் பாதுஷா வாங்கி அவன் மனைவி ஷீபாவுக்குக் கொடுத்தனுப்பினேன். ஷீபா அப்போது முழுகாமல் இருந்தாள். வீட்டு ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போடலாம், செங்கேணியை வெயிலில் நடவுக்கு அனுப்ப வேண்டாம் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் நியாயமான ஆசை. நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை, அவ்வளவுதான்.

போவதற்கு முன் ஒரு ஞாபகம் வேண்டும் என்று கேட்டேன். அவன் இரண்டு கையையும் அச்செடுத்து மேஜையில் நிறுத்துவேன், பூமியைப் பிளந்துகொண்டு இரண்டு கைகள் எழுந்து நிற்கும், நடுவில் படை போகும், அதற்குப் பெஞ்சமின் கணவாய் என்று பெயர் என்றேன். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

“கைக்கு ஒண்ணும் ஆவாதுல்லண்ணா? மெடிக்கல் கீது.”

“ஆஸ்பத்திரில மாவுக்கட்டு போடறாங்களே, அதுவும் இதேதான்டா.”

மாவுக்கட்டு என்றதும் உங்களுக்கே சிரிப்பு வருகிறது, பாருங்கள். அவனும் சிரித்தான். நான் சொன்னது பொய் இல்லை. அது மெல்லிய துணியில் தடவிய மாவு, இது வாளி நிறைய. அந்த வித்தியாசத்தை மட்டும் சொல்லவில்லை.

உடம்பில் அச்செடுப்பதற்கென்றே ஒரு பசை விற்கிறார்கள். பல் டாக்டர் வாயில் வைத்து அச்செடுப்பாரே, அந்த வகை. சில்லென்று இருக்கும், ரப்பர் மாதிரி கழன்று வந்துவிடும். அதை நான் வாங்கி வைத்திருந்தேன். பீரோவில் இருக்கிறது, பிரிக்கவில்லை. நீங்கள் ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

அச்செடுக்க வந்த அன்று மதியம் அவன் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் மணிக்கட்டு முழுகும் வரை பிளாஸ்டர் வாளியில் விட்டான். விரல்களை விரித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பெண் என்றால் நிஷா என்றான்.

“அண்ணா, சுடறா மாரி கீதே.”

“இறுகுதுடா. ஆட்டாதே, அச்சு கெட்டுடும்.”

அவன் ஆட்டவில்லை. மேடம், இதைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். நான் சொன்னதற்காக அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டாமல் இருந்தான். கையை இழுத்துப் பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றிய நேரத்தில் அது கல்லாகிவிட்டிருந்தது. அப்போதும் கத்தவில்லை. அண்ணா, அண்ணா என்று மட்டும் சொன்னான். பெரிய வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று செங்கேணி வளர்த்த பழக்கமாக இருக்கும். கொஞ்சம் கழித்துத்தான் கத்தினான். வாளியோடு எழுந்து சுவரில் மோதினான். எங்கள் வீட்டைச் சுற்றிலும் தோப்பு, யாருக்கும் கேட்காது.

உடைக்கச் சுத்தியல் தேடிப் போனேன். பின்கட்டில் தேடினேன், மோட்டார் ரூமில் தேடினேன். கிணற்றடியில் நின்று கை கழுவினேன். திரும்பி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் புகட்டினேன். மறுபடி தேடப் போனேன். சுத்தியல் மேஜைக்கு அடியில் ஒரு செய்தித்தாளுக்குக் கீழே இருந்தது. காலையில் அதை அங்கே வைத்தது நான்தான்.

அவனுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு கொப்பளம் வந்தால் மெடிக்கல் தள்ளிப்போகும், அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வந்துவிட்டு மிச்சம் வைக்கக் கூடாது. இரண்டாவது முறை கிணற்றடிக்குப் போனபோது என் மனதில் கொப்பளம் இல்லை. இனி எந்தக் கத்தாரும் இவனைக் கூப்பிடாது என்பதுதான் இருந்தது.

பிறகு பார்த்து, பக்குவமாகத் தட்டி உடைத்தேன். என் காரில்தான் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வலது கையில் கட்டைவிரலை மட்டும் காப்பாற்ற முடிந்தது. இடது கையில் அதுவும் இல்லை. அவன் எல்லோரிடமும், “அண்ணனுக்கு இன்னா தெரியும், பாவம், அதுவும் பயந்துகினு அழுதுச்சு” என்றே சொன்னான். நான் அழுததும் உண்மைதான்.

தினமும் அவன் வீட்டுக்குப் போனேன். ஷீபா டீ கொடுப்பாள். சில நாள் நானே அவனுக்குச் சோறு ஊட்டினேன். பெஞ்சமின் பக்கத்தில் இருந்தான், எங்கேயும் போகவில்லை. என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்த இரண்டு மாதத்தைத்தான் சொல்வேன்.

உடைத்த அச்சின் துண்டுகளை நான் வீசவில்லை. ஒட்டி, உள்ளே சோப்புத் தண்ணீர் தடவி, பிளாஸ்டர் ஊற்றினேன். ஒரு குமிழிகூட இல்லாமல் வந்தது. நான் வார்த்ததிலேயே நல்ல வார்ப்பு அதுதான். நகத்தின் பிறை தெரிந்தது, வெல்டிங் பொறி பட்ட பழைய தழும்பு தெரிந்தது. தன் விரல்களைப் பார்த்தால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

ஷீபா பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். பெஞ்சமின் ரொம்ப நேரம் பார்த்தான். சூப்பர்ணா என்று சொல்லவில்லை.

“அண்ணா, சுத்தி டேபுளுக்குக் கீயதானே இருந்துச்சி?”

நான் துண்டை இழுத்து வார்ப்பை மூடினேன்.

“நீ பின்னால போனப்போ என் கால்ல இடிச்சிச்சி. சொல்லிக்கினே இருந்தேன், நீ திரும்பல. வலில எனக்குத்தான் ஏதோ தோணுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னாண்ணா செஞ்சிட்ட?”

அவன் குரலை உயர்த்தவில்லை. மறுநாள் போனபோது கதவைத் திறக்கவில்லை. அதற்கடுத்த வாரம் வீடே பூட்டிக் கிடந்தது. ஷீபாவின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். போலீசுக்குப் போகலாமே என்று யாரோ கேட்டதற்குச் செங்கேணி, “அவுங்க கிட்ட மோத நம்மால ஆவுமா? எங்களை வுட்டா போதும்” என்றாளாம்.

அவன் புகார் கொடுத்திருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். திட்டியிருக்கலாம், அடிக்க ஆளைக் கூட்டி வந்திருக்கலாம். என்னை அப்படியே விட்டுவிட்டுப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் நானே வந்தேன். வேண்டுமென்றே செய்தேன், தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். வக்கீல் வேண்டாம். ஆனால் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் கேஸ் உடனே முடிந்துவிடும் என்கிறார்கள், அதனால் அங்கே மட்டும் மறுக்கலாம் என்று இருக்கிறேன். இந்த மாதிரி வழக்கெல்லாம் வாய்தா வாய்தாவாகப் பல வருஷம் இழுக்கும், இல்லையா? இழுக்கட்டும். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. முக்கியமான சாட்சி அவன்தானே, மேடம். சம்மன் போனால் எந்த ஊரில் இருந்தாலும் அவன் வந்துதானே ஆக வேண்டும்?