ஜெயங்கொண்டத்து மாரிஸ் காரும் சிங்காரவேலு சாரும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் லப்பைக்குடிக்காடு ஷஃபியுல்லா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பாலிடெக்னிக் முதல்வர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாரின் துணைவியார் அம்மாக்கண்ணு அம்மா அவர்களே, மகள் சசிகலா அவர்களே, பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்திருக்கும் பழைய கார் அன்பர்களே, மெக்கானிக் தோழர்களே! பேச வேண்டிய நாளாக இது இருந்திருக்கக் கூடாது. இருந்தும், நம் பழைய கார் சங்கச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் நிற்கிறேன். வணக்கம்.

நம் ஆட்டோமொபைல் பேராசான் சிங்காரவேலு சார் மறைந்துவிட்டார். ஒரு பழைய காரைப் பார்த்து, இது அசல், இது போலி என்று சொல்ல இந்த வட்டாரத்தில் அவரை விட்டால் யார் இருந்தார்கள்? துணி சுற்றிய காந்தத்தை பாடி மேல் மெல்ல நகர்த்துவார். காந்தம் எங்கே பிடிப்பு விடுகிறதோ, அங்கே பெயிண்டுக்கு அடியில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். என் ஜீப்பையே திருச்சி கண்காட்சியில் போட்டியிலிருந்து நீக்கியவர் அவர். எனக்குக் கோபம். என் தோளில் கை போட்டு, "புதுசாப் பாகம் போட்டது தப்பில்லப்பா. அதைப் பழசுன்னு எழுதுனதுதான் தப்பு" என்றார். அன்றைக்கு மதியச் சாப்பாடும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

அவருடைய திறமையைப் பற்றி இன்று எல்லோரும் பேசினீர்கள். அந்தத் திறமை அவரை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்பதை நான் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று சசிகலாவிடம் கேட்டேன். "உள்ளதைச் சொல்லுங்கண்ணே" என்றது அந்தப் பெண்.

ஷஃபியுல்லா அவர்களின் வாப்பா ஒரு மாரிஸ் மைனர் கார் வைத்திருந்தார். வியாபாரம் நொடித்தபோது அதை விற்றார். மகன் துபாய் போய்ச் சம்பாதித்துத் திரும்பியதும் முதலில் தேடியது அந்தக் காரைத்தான். ஜெயங்கொண்டத்தில் முந்திரி ஆலை வைத்திருந்த அய்யம்பெருமாள், அந்தக் கார் தன்னிடம் இருப்பதாகவும், புதுப்பித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். சிங்காரவேலு சார் பார்த்துச் சரி என்றால் வாங்கிக்கொள்கிறேன் என்றார் ஷஃபியுல்லா. அந்த அய்யம்பெருமாள் யார்? சாரின் சம்பந்தி. சசிகலாவின் மாமனார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு. சசிகலாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. சடங்கு முடிந்ததும் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக சார் ஜெயங்கொண்டத்தில் சம்பந்தி வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாக்கண்ணு அம்மாவுக்கு அப்போது உடம்புக்கு முடியாததால், கூட நான் போயிருந்தேன். அதே நாளில், அதே வீட்டுக்கு ஷஃபியுல்லாவையும் வரச் சொல்லியிருந்தார் அய்யம்பெருமாள். அது தற்செயலாக அமைந்தது என்று நம்புகிறீர்களா?

விருந்துக்கு முன் ஷெட்டில் போய் சார் காரைப் பார்த்தார். எண் பொறித்த தகடு பழையது. அதைப் பிடித்திருந்த ரிவெட்டுகள் புதியவை. அடியில் படுத்துக் கையை விட்டுத் தடவினார். வேறு ஒரு காரின் பாகத்தை ஒட்டவைத்த வெல்டிங் தடம் விரலில் பட்டது. வாப்பாவின் காரில் மிச்சமிருந்தது அந்தத் தகடு மட்டும்தான். எழுந்து வந்து சம்பந்தியைத் தனியே அழைத்து, நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினார். அய்யம்பெருமாள் குரலை உயர்த்தவே இல்லை.

"அசல்னு ஒரு வார்த்த சொல்லிட்டு, பொண்ணக் கூட்டிட்டுப் போங்க சம்பந்தி" என்றார்.

கூடம் நிறைய உறவினர்கள். வாசலை அடைத்துக்கொண்டு பந்திக்குக் காத்திருந்த கூட்டம். நடுவே, கை நிறைய வளையலோடு மகள். மருமகன் மகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கே போவார் அந்த மனிதர்? எந்தப் பக்கம் திரும்புவார்? ஷஃபியுல்லா எழுந்து வந்து பணிவாகக் கேட்டார்.

"எங்க வாப்பா ஓட்டுன வண்டிதானுங்களா சார்?"

சார் மகளைப் பார்த்தார். பிறகு, "இல்லீங்க" என்றார்.

அன்று சசிகலாவை அனுப்பவில்லை. நாங்கள் இருவரும் சீர்த் தட்டுகளோடு பஸ் ஏறினோம். அதன் பிறகு வாரந்தோறும் ஜெயங்கொண்டம் போவார். அந்த வீட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். கதவு திறக்காது. பேரன் பிறந்த செய்தியைக்கூட அந்த டீக்கடையில்தான் கேட்டார். மேடையில் மாலை வாங்கிய நாட்களிலும் அவர் அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியேதான் நின்றார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெண்ணை அனுப்பாத விஷயம் ஷஃபியுல்லா அவர்களின் காதுக்கு எட்டியது. நேரே சாரிடம் வந்தார். போலி என்று தெரிந்தே வாங்கிக்கொள்கிறேன், உங்கள் பெண் வரட்டும் என்றார். இதோ, அவரே சாட்சி. சார் மறுத்தாரா? இல்லை. நம் சார் கல்லால் ஆனவர் அல்ல. வேண்டாம் என்று சொல்லத் தனக்குத் தெம்பில்லை என்று சொல்லி அழுதார். மறுத்தது சசிகலா. யார் மூலமோ இதைக் கேள்விப்பட்டு, மாமனார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து எனக்குப் போன் பண்ணியது அந்தப் பெண்.

"அந்த வண்டிய யாரும் வாங்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்கண்ணே. இன்னைக்கு வாங்குனா, நாளைக்கு இன்னொண்ணுக்கும் என்னைய அடைச்சு வைப்பாங்க."

சில வாரம் கழித்து ஒரு மதியம், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணே வெளியே நடந்து, பஸ் ஏறி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. மகேஷ் இன்றுவரை ஞாயிறுதோறும் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். அவரால் அந்த வீட்டிலிருந்து வெளியே வர முடியவில்லை. சாராலும் அந்தக் கூடத்திலிருந்து கடைசிவரை வெளியே வர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மகளிடம் கேட்டிருக்கிறார், அன்று நான் சொன்னது சரியா என்று.

சசிகலா சொன்ன பதில் இது: "சரிதாம்ப்பா. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அப்புறம் சொல்லியிருக்கலாம்."

அவர் தலையாட்டினாராம்.

அன்பர்களே, அவர் விட்டுச் சென்ற பணியை நாம் தொடர்வோம். காந்தமும் கண்ணும் நமக்கும் உண்டு. ஆனால் இன்று, அவர் படத்தின் முன் நான் எடுக்கும் உறுதி வேறு. இனி உண்மை சொல்ல வேண்டிய இடத்துக்கு இந்தச் சங்கம் எவரையும் தனியாக அனுப்பாது. போகிறவர் வீட்டுப் பெண் யார் வீட்டில் இருக்கிறாள் என்று முதலில் கேட்போம். அதற்குப் பிறகுதான் காரின் பானட்டைத் திறப்போம். போய் வாருங்கள், சார்.