நம்ம வெள்ளாமை

பந்தல்குடி மேட்டில் யுத்த காலத்துக் கரி பஸ் நின்றுபோனது. கரி போட்டு ஊதிக் கிளப்பும்வரை, முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங் கொழுந்தனாரு நேத்துத்தான் பேச்ச மாத்துனாரு, அக்கா."

"எதப் பத்திடி?"

"எஞ் சோளத்தப் பத்தி. வீட்டுக்காரரு பட்டாளத்துக்குப் போனபெறகு, வானத்துல பொட்டு மேகமில்லாதப்பவே புழுதியில வெதச்சேன்ல? 'வெதயக் கொண்டுபோயி மண்ணுல கொட்டுறா, இதுக்குப் பேரு வெள்ளாமையா'ன்னு ஊரு பூரா சொல்லிச் சிரிச்சாரு."

"பெறகு?"

"மழை விடாம ஊத்துச்சு. கரிசல் சேறாப் போயி, மழைக்குக் காத்துக்கிருந்த அவரால ஏரே எறக்க முடியல. எனக்கு ஆள் ஒசரம் நிக்குது."

"இப்ப என்னங்காரு?"

"'நம்ம வெள்ளாமை'ங்காரு!"

"நீ என்னடி சொன்ன?"

"அருவாளக் கையில குடுத்து, 'கூலிக்கு அறுக்க வாறீகளா'ன்னு கேட்டேன்."