கடைசி வேலிக்கு முன் குதிரையிலிருந்து இறங்கியது பற்றி

என் பெயர் செப்டிமஸ் கராட். வயது 31. காலஞ்சென்ற ஈனாக் கராட் என்பவரின் மகன். ஹெரிஃபோர்டு வட்டாரம் லெட்புரூக் கிராமத்தில் மாதா கோயில் சந்தில் மனைவியுடன் குடியிருக்கிறேன். வேலி தாண்டும் பந்தயங்களில் குதிரை ஓட்டுவது தொழில். 1908ஆம் வருடம் மார்ச் மாதப் பந்தயத்தில் கேப்டன் புரோதரோ அவர்களைக் கீழே தள்ளித் தோள் எலும்பை முறித்ததாக வந்த புகாரின்பேரில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

மேற்படி கேப்டனுக்குச் சொந்தமான குவிக்தார்ன் என்ற பெண்குதிரையை மூன்று வருடமாக நான்தான் ஓட்டி வருகிறேன். வேறு யார் சேணம் போட்டாலும் கடிக்கும். சம்பவத்தன்று தரை சேறாகக் கிடந்தது. கடைசிக்கு முந்தின வேலியைத் தாண்டியபோது எங்களுக்கு முன்னால் யாருமில்லை. தாண்டி இறங்கியதும் குதிரை இடதுபக்கம் சாய்ந்து நொண்டியது. நான் இறங்கி முன்னங்காலில் கை வைத்தேன். தொட்டதும் காலைத் தூக்கிக்கொண்டது. அதன் பிறகு கேப்டன் கம்பித் தடுப்புக்கு அடியில் குனிந்து ஓடி வந்தார்.

"ஏன்டா இறங்கின? பின்னால ஒருத்தனையும் காணோம், ஏறுடா!"

"நரம்பு போச்சு சார். நீங்களே தொட்டுப் பாருங்க."

"எனக்கே பாடம் நடத்துறியா? தள்ளு, நான் முடிக்கிறேன்."

ஓட்டுபவன் இறங்கிவிட்டால் அவனைவிட எடை குறையாத வேறொருவர் ஏறி முடிக்கலாம் என்பது அந்தப் பந்தயத்தின் விதி. கேப்டன் என்னைவிட மிகவும் கனமானவர். அவர் ஏறியதும் நான் லகானைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் சவுக்கால் என் முகத்தில் அடித்தார். அதன் பிறகு நான் அவர் பூட்ஸைப் பிடித்து இழுத்ததில் சேற்றில் விழுந்தார். இதை நான் மறுக்கவில்லை. அதன் பிறகு காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் ஓடி வந்து என் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார். "ஐயா, என்னை விட்டுட்டு அவரைப் பிடிங்க" என்றேன். "குடிச்சிருக்கியா?" என்றார். நான் குடிப்பதில்லை. வாயை ஊதிக் காட்டுகிறேன் என்றும் சொன்னேன். அதற்குள் கேப்டன் இரண்டு கையாலும் சேணத்தைப் பற்றி மறுபடி ஏறிவிட்டார். தோள் முறிந்தவரால் அப்படி ஏற முடியாது. கான்ஸ்டபிளும் அதைப் பார்த்தார்.

அவர் கடைசி வேலியை நோக்கி ஓட்டினார். ஜனங்கள் கைதட்டினார்கள். அந்தக் குதிரை ஒரு நாளும் வேலியைத் தாண்ட மறுத்ததில்லை. அன்றைக்காவது மறுக்கும் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. தாண்டியதைத்தான் பார்த்தேன், இறங்கிய இடம் வேலிக்கு அப்பால் மறைந்திருந்தது. கைதட்டல் நின்றது. குதிரை தவறி விழுந்தது. கேப்டனுக்குத் தோள் முறிந்தது அங்கேதான். அதன் பிறகு கான்ஸ்டபிள் என்னை விட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் குதிரையைச் சுற்றிக் கித்தான் மறைப்புக் கட்டிவிட்டார்கள். துப்பாக்கி வெடிச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் ஏன் இறங்கினேன் என்று இதுவரை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அவர் ஏன் ஏறினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். 'குதிரை தவறி விழுந்தது' என்பதை அடித்துவிட்டு, 'நொண்டிக் குதிரையை ஓட்டி விழவைத்தார்' என்று எழுதச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் மறுத்துவிட்டார். ஆகவே அந்த ஒரு வரி நீங்கலாக, மேலே கண்டதெல்லாம் நான் சொன்னதே, உண்மையே.

(ஒப்பம்) செ. கராட்