ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும்

குமணன்சாவடியில் பேருந்து ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"எங்க ஃப்ளாட்ஸ் பார்க்கை என் பொண்ணுக்குன்னே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்காங்க," என்றாள் மூத்தவள், அழுதுவிடுபவள்போல.

"ஆட்டிசம் கொழந்தைன்னு புரிஞ்சு செஞ்சிருக்காங்க. நல்லதுதானேக்கா?"

"மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணு. சறுக்குமரம் இரும்பு. உக்காந்தா தொடை பொரிஞ்சிடும்."

"அப்ப சாயந்தரம் கூட்டிட்டுப் போங்க."

"முன்னாடி அப்படித்தான் போவோம். சத்தம் தாங்காம காதைப் பொத்திப்பா, ஆனாலும் ஊஞ்சலை விடமாட்டா. இப்ப போனா, 'உங்க டைம் முடிஞ்சிடுச்சும்மா'ன்னு வாட்ச்மேன் கேட்டைச் சாத்துறாரு."

"அசோசியேஷன்ல சண்டை போடுங்கக்கா."

"என்னன்னு போடுறது? சத்தமில்லாத நேரமா ஒண்ணு குடுங்கன்னு எழுதிக் குடுத்ததே நான்தான்."